முதல் வாய் ஆசிரியருக்கு

அருள்மேரி மேடம் காலமான செய்தி வந்தபோது நான் பி.எட். மாணவிகளின் பாடத்திட்ட ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பழைய மாணவிகளின் வாட்ஸப் குழுவில் ஒருத்தி போட்டிருந்தாள்: "நம்ம மனையியல் மேடம் காலையில தவறிட்டாங்க. நாளைக்கு வேளாங்கண்ணியில அடக்கம்." அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் அவரோடு ஒரே அறையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மிச்சத்தையும் திருத்தினேன். பிறகு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

தஞ்சாவூரில் எங்கள் கல்வியியல் கல்லூரியில், மேல்நிலைப் பள்ளிக்கு மனையியல் ஆசிரியையாகப் போகிறவர்களுக்கு அவர் கற்பித்தல் முறை சொல்லித் தந்தார். நான் உயிரியலுக்கு. இதைப் படிப்பவர்களில் அவரிடம் படித்தவர்களுக்கு அவர் எப்படியோ, எனக்கும் அவருக்கும் அதிகம் ஒத்துப்போனதில்லை. மனுஷி பிடித்த பிடியை விடமாட்டார்.

ஒரு முறை கல்லூரிக்கு ஆய்வுக் குழு வந்தது. அப்போதிருந்த முதல்வர் எங்கள் அறை வாசலில் நின்று, "மேடம், வர்றவங்களுக்கு உங்க பொண்ணுங்களை விட்டு போண்டா, காபி ரெடி பண்ணிடுங்க" என்றார், ஏதோ பெரிய பொறுப்பை ஒப்படைப்பது மாதிரி. அருள்மேரி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நாங்க சமைக்கிறவங்க இல்ல சார். சமையலை வகுப்புல எப்படிச் சொல்லித் தரணும்னு படிக்கிறவங்க. போண்டாவுக்கு கேன்டீன்ல சொல்லுங்க." முதல்வர் கேன்டீனில்தான் சொன்னார். அந்த போண்டா வாயில் வைக்க விளங்கவில்லை என்பது வேறு விஷயம்.

அவருடைய மாணவிகளுக்கு ஒரு விதி இருந்தது. வகுப்பில் எதைச் சமைத்துக் காட்டினாலும் முதல் வாய் ஆசிரியர் சாப்பிட வேண்டும். நாக்கில் தொட்டுப் பார்த்தால் போதாது, விழுங்க வேண்டும். அதன்பிறகுதான் பிள்ளைகளுக்கு. "நீ திங்காததை அதுங்ககிட்ட எதுக்கு நீட்டுற?" என்பார். ஒருத்தி பாகற்காய்த் துண்டைத் தின்பதுபோல் நடித்துக் கைக்குட்டையில் ஒளித்துவிட்டாள். முழுப் பாடத்தையும் மறுநாள் மறுபடி எடுக்கவைத்தார். இதெல்லாம் ரொம்ப அதிகம் என்று நான் அவரிடமே சொல்லியிருக்கிறேன். "உங்க தவளையை நீங்க அறுங்க ஜமீலா, என் சட்டியில கை வைக்காதீங்க" என்று முடித்துவிட்டார்.

ரமலான் நோன்பும் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் ஒன்றாக வந்த ஒரு வருஷம், செய்முறைத் தேர்வு அதிராம்பட்டினத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நடந்தது. மனையியலுக்குத் தேர்வு கொடுத்தவள் நஸ்ரின், அந்த ஊர்ப் பெண். துபாயில் வேலை பார்த்த கணவர் அடுத்த மாதம் அவளை அழைத்துப்போவதாக இருந்தது. இந்தத் தேர்வு போனால் திரும்பி வந்து எழுத வழியில்லை. பட்டம் அதோடு போச்சு. புரதச்சத்துப் பாடத்துக்குச் சூரை மீன் கட்லெட் என்று முன்பே முடிவாகி ஒப்புதலும் வாங்கியாகிவிட்டது. தேதி பிறகுதான் வந்தது. தேதியையும் கட்லெட்டையும் சேர்த்துவைத்து யாரும் பார்க்கவில்லை. உணவுத் திட்டமிடல் என்று வருஷம் முழுக்க வகுப்பெடுக்கிற ஆட்கள் நாங்கள்!

என் மாணவிகளின் முறை முடிந்திருந்ததால் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். நஸ்ரின் நன்றாகத்தான் பாடம் எடுத்தாள். கட்லெட் பொரிந்து தட்டுக்கு வந்ததும், வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், "சாப்பிட்டுக் காட்டும்மா" என்றார்.

"நோன்பு மேம்."

"முதல் வாய் ஆசிரியருக்குன்னு நீதானேம்மா பாடத்திட்டத்துல எழுதியிருக்கே. பாடம் முடியாம நான் எப்படி மார்க் போடுறது?"

"நீங்களே ருசி பாருங்களேன் மேடம்" என்றேன் நான்.

"ஐயய்யோ, நான் சைவம்ங்க."

தேர்வாளர் என்னைப் பார்த்தார். நானும் நோன்பு. எல்லோரும் அருள்மேரியைப் பார்த்தோம். வேளாங்கண்ணியில் மீன் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் தவக்காலத்தில், சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, மீனும் கறியும் தொடமாட்டார். வகுப்பிலும் பாதிப் பேர் நோன்பு. மீதிப் பேர் படகுக்காரர்கள் வீட்டுப் பெண்கள். அவர்களில் ஒருத்தி கடைசி பெஞ்சிலிருந்து, "மேம், நாங்க சாப்பிடுறோம் மேம், எங்களுக்கு ஒண்ணும் ஆவாது" என்று குரல் கொடுத்தாள். வகுப்பே சிரித்தது.

"வாயை மூடு. டீச்சர் திங்காம உங்களுக்குக் கிடையாது" என்றார் அருள்மேரி.

நஸ்ரினுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு கட்லெட்டை எடுத்துவிட்டாள். "வேணாம்மா" என்று நான் எழுந்திருப்பதற்குள் அருள்மேரி போய் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நோன்பை முறிக்காதே. தள்ளி நில்லு." வழக்கமாகச் சாப்பிடும்முன் சிலுவை போட்டுக்கொள்வார். அன்று போட்டுக்கொள்ளவில்லை. நின்றபடியே முழுசாகத் தின்று முடித்தார்.

"சொல்லிக் குடுத்த நானும் இவளுக்கு டீச்சர்தான் மேடம். எழுதிக்கோங்க" என்றார். தேர்வாளர் எழுதிக்கொண்டார். கடைசி பெஞ்சு தட்டைக் காலி செய்தது. நஸ்ரின் தேறிவிட்டாள்.

திரும்பும்போது பட்டுக்கோட்டையில் பஸ் மாறி உட்கார்ந்ததும், "இப்ப உங்க விரதத்துக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடுவேன். ஃபாதர் என்ன மீனுன்னு கேப்பாரு" என்று சிரித்தார். பிறகு, "உள் மதிப்பெண் நான்தானே போடணும்? சுவைக்கு ஒரு மார்க் குறைச்சுட்டேன். உப்பு பத்தல. அவகிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "அந்தப் பொண்ணு நோன்பு வெச்சிருக்கு, எப்படிங்க உப்பு பாக்கும்? மனசாட்சி இருக்கா உங்களுக்கு?"

"பாக்க முடியலன்னா அளந்து போடணும். நோன்பு மாசம் பூரா உங்க வீட்ல கஞ்சி காய்ச்சுறீங்களே, அதுல உப்பு சரியாத்தானே இருக்கு?"

நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் தஞ்சாவூர் வரும்வரை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.

அடக்கத்தன்று அந்தக் கட்லெட்டைப் பற்றித்தான் ஆளாளுக்குப் பேசினார்கள். நல்ல மனசு என்றார்கள். இருக்கட்டும், நல்ல மனசுதான். நஸ்ரின் இப்போது துபாயில் ஒரு பள்ளியில் மனையியல் ஆசிரியை. எனக்குக் குரல்பதிவு அனுப்பியிருந்தாள். அழுகைக்கு நடுவில், "அன்னைக்கு ஒரு மார்க் கொறச்சாங்க மேம், சரியாத்தான் கொறச்சாங்க" என்றாள்.

கட்லெட்டை நீங்கள் எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த ஒரு மார்க் போதும். ஒரு பெண்ணுக்காகத் தன் தவத்தையே முறித்துவிட்டு, அந்தக் கையோடு அவளிடம் உப்பு பத்தவில்லை என்று சொல்ல வேண்டும். எனக்கு அது இன்னும் வரவில்லை.