மன்னார்குடி அருகே நான் தோண்டாமல் விட்ட நான்கு குழிகள்

சென்ற புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை திண்டுக்கல்லிலிருந்து மன்னார்குடிக்குப் போய் வந்தேன். தஞ்சாவூர்ப் பக்கம் போகிறேன் என்றதும், இந்த வலைப்பதிவை வழக்கமாகப் படிக்கும் இரண்டு பேர் தெப்பக்குளத்தைப் படம் எடுத்துப் போடச் சொல்லியிருந்தார்கள். மன்னிக்க வேண்டும், ஒரு படமும் எடுக்கவில்லை. இது கோயில் பார்க்கப் போன பயணம் இல்லை.

முந்தின வாரம் ஒரு போன் வந்தது. செல்வராணி அக்கா. ஏழு வருடத்துக்கு முன், ஒரு மரம் வளர்ப்புத் திட்டத்தில் களப்பணியாளராக நான் டெல்டாவில் சுற்றிக்கொண்டிருந்தபோது, அவர்கள் நிலத்தில் தேக்கு வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான். "சார், நம்மள ஞாபகம் இருக்குங்களா? பாதித் தேக்கு பட்டுப் போச்சு. வெள்ளிக்கெழம மறுபடியும் வைக்கப் போறோம், முந்நூறு கன்னு வாங்கியாச்சு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். அந்த நிலத்தை எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. 

சரி, வழி. திண்டுக்கல்லில் காலை 4.45 பேருந்து, திருச்சிக்கு 7 மணி, கட்டணம் 95 ரூபாய். அங்கிருந்து தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்துக்கு 8.40, 48 ரூபாய். நிலையத்துக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு பொங்கல், காபி, 75 ரூபாய். பொங்கலை முழுதாகச் சாப்பிட முடியவில்லை. அது கடைக்காரர் குற்றம் இல்லை. மன்னார்குடி 37 கிலோமீட்டர், 35 ரூபாய், 10.15க்குப் போய்விட்டேன். இடது பக்க ஜன்னலோரம் கிடைத்தால் உட்காருங்கள், வெயில் படாது. இந்த மாதத்தில் ஒரு வயலில் குறுவை அறுத்துக்கொண்டிருப்பார்கள், அடுத்த வயலில் சம்பா நட்டுக்கொண்டிருப்பார்கள். வாய்க்கால் எல்லாம் கரை தொட்டு ஓடும்.

மன்னார்குடியிலிருந்து ஊருக்கு 11 கிலோமீட்டர். மினி பஸ் 2 மணிக்குத்தான் என்பதால் ஆட்டோ, 250 ரூபாய். அந்த ஊர்க்காரரே ஓட்டினார். அக்காவின் கணவர் பெயரைச் சொல்லி, தேக்குத் தோப்பு வைத்திருக்கும் மதியழகன் வீடு என்றேன்.

"குச்சித் தோப்புங்களா?" என்று சிரித்தார். "அந்தாளு பதினோரு வருஷம் மஸ்கட்டுல ஒழச்சு வாங்குன மூணு மா பூமி சார், மொத்தமா ஒரு ஏக்கரு. தண்ணி பாய்ச்சத் தெரியாம கெடுத்துப்புட்டாரு. பொஞ்சாதி கேக்காத கேள்வி இல்ல."

ஊரே பெயர் வைத்துவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் பின் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

என் தொழில் தெரியாதவர்களுக்கு: மரம் வைப்பதற்கு முன் நிலத்தில் ஐந்து குழி தோண்ட வேண்டும். நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் ஒன்று, ஒவ்வொன்றும் மூன்றடி. அடிமண் என்ன, தண்ணீர் வடிகிறதா என்று பார்த்துப் படிவத்தில் எழுத வேண்டும். தேக்குக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. ஏழு வருடத்துக்கு முன் நான் குழி தோண்டப் போன அன்று செல்வராணி அக்கா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார், அவர் கணவர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நான் வாய்க்கால் ஓரத்தில் ஒரு குழி தோண்டினேன். மண் மெத்தென்று இருந்தது, இருபது நிமிடத்தில் மூன்றடி இறங்கிவிட்டது. நல்ல வண்டலும் மணலும். மணி பன்னிரண்டரை. ஒன்றரைக்கு மன்னார்குடியில் நண்பனோடு பிரியாணி சாப்பிடுவதாக ஏற்பாடு. மீதி நான்கு குழிக்கும் அதே அளவையும் அதே மண்ணையும் எழுதிவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த வாரம் படிவத்தோடு போனபோது அக்கா கேட்டார்: "இது களி பூமியாச்சே சார், தேக்கு வருமா?" கேட்டார், ஐயா, வாய் திறந்து கேட்டார். "குழி தோண்டிப் பாத்தாச்சுக்கா, அடியில நல்ல மணலு" என்று படிவத்தைக் காட்டினேன். முத்திரை வைத்த தாள் என்பதால் நம்பினார்.

இந்த முறை 10.50க்கு ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அக்கா நேரே தோப்புக்குக் கூட்டிப் போனார். ஐம்பதை நெருங்கும் பெண், நடையும் பேச்சும் வேகம். பத்தடி பின்னால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மதியழகன் அண்ணன் வந்தார். மஸ்கட்டிலிருந்து முதுகுவலியோடு திரும்பியவர். நெல்லுக்கு ஓடியாட முடியாது என்றுதான் மரத்துக்கு மாறினார்கள்.

வாய்க்கால் ஓரத்து வரிசையில் முப்பத்தெட்டு மரம், பார்க்கவே அழகு. பழக்கதோஷத்தில் டேப்பை எடுத்து நெஞ்சு உயரத்தில் சுற்றினேன், 58 சென்டிமீட்டர். உள்ளே நாலாவது வரிசையில் சுற்றினால் 21. நுனி காய்ந்து, இலை பழுத்து, என் மணிக்கட்டைவிடக் கொஞ்சம் தடிமனாக நின்றன. குச்சித் தோப்பேதான்.

"பாருங்க சார்" என்றார் அக்கா. "இவரு வாய்க்கா ஓரமா நின்னுகிட்டு அந்த ஒரு வரிசைய மட்டும் பாத்துருக்காரு. உள்ள எட்டிப் பாக்கல. அந்த வரிசையே சாட்சி."

"எல்லாத்தையும் ஒண்ணாத்தான் பாத்தேன்" என்றார் அண்ணன். பலமுறை சொல்லித் தேய்ந்த குரல். 

அந்த ஓரத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அது வாய்க்காலைத் தூர் வாரி வருடாவருடம் கொட்டிய மண். நான் தோண்டியது அவர்கள் நிலத்தையே இல்லை, வாய்க்கால் மண்ணை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதைவிடக் கேவலம், "இந்தத் தடவ இவர நம்பப் போறதில்ல, எப்பப்ப தண்ணின்னு நீங்க எழுதிக் குடுத்துருங்க" என்று அக்கா நோட்டை நீட்டியபோது பேனாவை வாங்கி மூன்று வரி எழுதினேன்.  மதியம் கெண்டை மீன் குழம்பு போட்டார்கள். அதையும் சாப்பிட்டேன். இப்போது நான் பார்க்கும் வேலை, மலைத்தோட்டங்களில் காடு ஒழுங்காகப் பராமரிக்கப்படுகிறதா என்று சோதிப்பது. போன ஆடியில், மூன்று குழியோடு நிறுத்திய ஒரு ஆளை எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டு, மீதி இரண்டையும் தோண்ட வைத்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

2.15க்கு அண்ணன் என்னை மொபெட்டில் மெயின் ரோட்டில் இறக்கிவிட வந்தார். நிழற்குடையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினையும் அணைத்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். அவ இருக்கறப்ப கேக்க முடியல. நான் எங்க தப்புப் பண்ணுனேன்?"

நான் பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தேன்.

"தெரிஞ்சுக்கத்தான் சார். வருஷக்கணக்கா கேக்குறா, எனக்குச் சொல்லத் தெரியல. தெரிஞ்சிருந்தா ஒத்துகிட்டிருப்பேன். மறுபடியும் அதே தப்பப் பண்ணிடக் கூடாதுல்ல."

மினி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் வாயோடு என்னைப் பார்த்தார். ஏறியிருந்தால் இந்தக் கட்டுரை தெப்பக்குளத்தைப் பற்றியதாக இருந்திருக்கும். "வண்டியத் திருப்புங்கண்ணே" என்றேன்.

வீட்டில் கடப்பாறையும் மண்வெட்டியும் கேட்டேன். அக்கா விளங்காமல் பின்னாலேயே வந்தார். நிலத்தின் நடுவில் தோண்டினேன். ஒரு அடிவரை மண். ஒன்றரை அடியில் கடப்பாறை 'சதக்' என்று மாட்டிக்கொண்டது. நீலம் பாய்ந்த சாம்பல் களி, சாக்கடை வாடை. மண்வெட்டியை எடுத்த இடத்தில் தண்ணீர் கசிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் அளவு நின்றது. குழிக்குள் நின்றுகொண்டே சொன்னேன். ஐந்து தோண்ட வேண்டியது, ஒன்றுதான் தோண்டினேன், அதையும் தூர் மண்ணில் தோண்டினேன், மற்றதைப் பொய்யாக எழுதினேன். வேர் அழுகித்தான் மரம் பட்டது. அண்ணன் என்ன செய்திருந்தாலும் வந்திருக்காது.

அக்கா குழியோரம் குனிந்து அந்தத் தண்ணீரைப் பார்த்தார். "ஏன் சார் தோண்டல?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

"பிரியாணி சாப்பிடப் போயிட்டேன்க்கா."

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். வெயில், காய்ச்சல், மேலதிகாரி அவசரப்படுத்தினார் என்று. ஏழு வருடத்துப் பொய்க்கு மேல் இன்னொன்றை வைக்க முடியவில்லை.

"பசிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா, சாயந்தரம் வந்து நானே சோறு போட்டு, நானே குழியும் வெட்டிக் குடுத்திருப்பேனே" என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.  முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் எழுதிக் கொடுத்த தாளை நோட்டிலிருந்து கிழித்து அந்தக் குழித் தண்ணீரில் போட்டார்.

அண்ணன் கிட்டே வந்தார். கடப்பாறையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மூலைக்கு நடந்தார். முதுகுவலிக்காரர். நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் ஐந்தரைக்குள் நான்கு மூலையையும் தோண்டினேன், உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. வாய்க்கால் ஓர மூலைகள் இரண்டிலும் மணல், மற்ற இரண்டிலும் களி. வெள்ளிக்கிழமை நடவு நின்றது. ஓரத்து வரிசை இருக்கட்டும், உள்ளே கட்டையைப் பிடுங்கிவிட்டு நெல்லுக்கே திரும்பலாம் என்றேன். தை மாதம் கட்டை பிடுங்க நானும் வருவதாகச் சொன்னேன். வாங்கிய கன்றுகளைப் பேராவூரணிப் பக்கம் மணல் நிலம் வைத்திருக்கும் மைத்துனருக்குக் கொடுப்பதாகப் பேச்சு. "அங்கயும் அஞ்சு குழி தோண்டணும்ல?" என்று கேட்டார் அண்ணன். உண்மையைச் சொன்ன பிறகு அவர் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

இந்தப் பக்கம் மரம் வைக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. யார் படிவம் கொடுத்தாலும், எந்த முத்திரை இருந்தாலும், குழியைக் கண்ணால் பாருங்கள். நடுநிலத்தில் கட்டாயம் ஒன்று. வாய்க்கால் ஓரத்தை நம்பாதீர்கள். ஐப்பசி மழைக்கு முன்னாலேயே தண்ணீர் நிற்கிற இடத்தில் தேக்கு வேண்டாம். வரப்பில் நீர்மருது மரம் வைத்தால் தாங்கும். சுற்றிப் பார்க்க வருபவர்கள் தை முதல் மாசிக்குள் வாருங்கள், கடைசி மினி பஸ் மாலை 6.10.

அந்தக் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், யாரும் இடறி விழாமல் இருக்கட்டும் என்று குழிகளை மூடத் தொடங்கினேன். மூலைக் குழிகளை மூட விட்டார்கள். நடுக்குழிக்கு மண்வெட்டியைக் கொண்டுபோனபோது அண்ணன் குறுக்கே வந்து நின்றார். அக்கா வரப்பில் நின்று, நூறு நாள் வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த பெண்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்: "இங்க வந்து பாத்துட்டுப் போங்கடி. தண்ணி நிக்கிறதப் பாருங்க. எங்க வீட்டுக்காரரு ஒண்ணும் கெடுக்கல." பஸ் வரும்வரை நான் அந்தக் குழியின் பக்கத்திலேயே நின்றேன், யார் தோண்டாமல் விட்டது என்று கேட்பவர்களுக்குக் காட்ட ஆள் வேண்டுமல்லவா.