கோல்ப் மைதானத்தில் எதிர்த்திசை

இன்று காலை பூங்காவில் மாட்டிக்கொண்டேன்.

லோயர் கேம்ப் என்ற இந்த ஊரில் எல்லோரும் காலை நடைக்குப் போகும் பூங்கா, ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் கோல்ப் ஆடிய மைதானம். அவர்கள் பந்து விழுந்து சிக்கிய மணல்குழியில் இப்போது பிள்ளைகளின் சறுக்குமரம் நிற்கிறது. மைதானத்தின் ஓரமாகவே வட்டமாக நடைபாதை போட்டிருக்கிறார்கள்.

எல்லோரும் வலப்பக்கமாகச் சுற்றுவார்கள். நான் மட்டும் இடப்பக்கமாக.

தினமும் தோழிகளோடு கூட்டமாக நடக்கும் செல்வியக்கா இன்று என்னை வழிமறித்தார்.

"ஏத்தா, ஊரே ஒரு பக்கமாப் போறாக. நீ மட்டும் ஏன் எதுத்தாப்புல வர்ற?"

"அந்தப் பக்கமாச் சுத்துனா தலை சுத்துதுக்கா" என்றேன்.

பொய்தான். வேலை மாற்றலாகி வந்து தனியாக இருக்கிறேன். எதிரே நடந்தால் ஒவ்வொரு சுற்றிலும் எல்லோர் முகமும் என்னைப் பார்த்து வரும். இரண்டு பேராவது சிரிப்பார்கள். அன்றைக்கு எனக்கென்று கிடைக்கும் சிரிப்பு அவ்வளவுதான்.

அக்கா யோசித்தார். "எனக்குங்கூட கெறக்கமாத்தான் வருது. அடியே, எல்லாரும் இவ போற பக்கமாத் திரும்புங்க!"

திரும்பிவிட்டார்கள். அவர்களைப் பார்த்து மொத்தப் பூங்காவும் திரும்பிவிட்டது. அக்கா கூட்டம் பேசிக்கொண்டே முன்னால் போய்விட, கடைசி வரை முதுகுகளைப் பார்த்தபடி நடந்தேன்.

துரைமாருக்குப் பரவாயில்லை, பந்தாவது துணைக்கு இருந்தது.

நாளைக்கு நான் மறுபடி எதிர்த்திசைக்கு மாற வேண்டும். தலைசுற்றலைச் சொல்லியாகிவிட்டது. வேறு என்ன வியாதி சொல்லலாம், சொல்லுங்கள்.