முனியப்பாவின் கிணற்றை வரையாமல் விட்ட படம்

இந்த ஓசூர்ப் பக்கத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை நீட்டினால், சுற்றியுள்ள தோட்டங்களில் வேலை நின்றுவிடுகிறது. தூரத்து மரத்தின் உயரத்தைத் தாளுக்கு அளந்தெடுக்க ஓவியக் கல்லூரியில் நான் கற்றுக்கொண்ட வழி அது. சாத்தூர்ப் பக்கம் எங்கள் கரிசல் காட்டில் நாள் முழுக்க விரலை நீட்டிக்கொண்டு நின்றாலும், பையனுக்கு வெயில் ஏறிவிட்டது என்பதற்கு மேல் யாரும் யோசிக்க மாட்டார்கள். தண்ணீர் இல்லாத நிலத்தை யார் வந்து பிடுங்கப்போகிறார்கள்? ஓசூர்ப் பக்கம் அப்படியில்லை. இங்கே நிலத்தை உற்றுப் பார்க்கிறவன் அதை எடுக்க வந்தவன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்த ஓவியம், ஒரு தொழிற்சாலையில் ‘தலைக்கவசம் அணிவீர்’ என்று சுவருக்குச் சுவர் வரையும் வேலையாக வாய்த்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் என்னுடையவை. முன்னொரு காலத்து ஜப்பானிய ஓவியர் ஒருவர் ஒரு நெடுஞ்சாலையில் ஊர் ஊராகத் தங்கி வரைந்துகொண்டே போனாராம். அவரைப் போலவே ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் தொடங்கி ராயக்கோட்டைவரை வரைந்து முடிப்பதென்று கிளம்பினேன். அவர் படங்களில் குடையோடு சின்னதாக ஒரு வழிப்போக்கன் நடந்துபோவான். என் படங்களில் அந்தக் குடைக்காரன் நான்.

உத்தனப்பள்ளியில் ஒரு தக்காளித் தோட்டத்தை வரைந்துகொண்டிருந்தபோது, தோட்டக்காரர் முனியப்பா மண்வெட்டியோடு வந்தார். புதுத் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சில் ஊரே கலங்கிக்கிடந்தது அப்போது எனக்குத் தெரியாது.

“சார், நம்ம கெணறு உள்ள வருதா?”

“வருதுண்ணே. அது இல்லாட்டி நல்லாவே இருக்காது” என்றேன், மனதார.

அவர் முகம் செத்துப்போனது. “அந்தத் தண்ணியிலதான் சார் எங்க பொழப்பே ஓடுது. கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கங்க.”

அதற்குள் பக்கத்துத் தோட்டத்து நாகராஜ் ஓடிவந்தார். “அவன்தான் வாணாங்கிறான் இல்ல, என்னுத சேத்துக்க சார். நல்ல வெல வந்தா ஓசூர்ல வூடு கட்டிக்கினு போயிடறேன்.” இருவரும் தெலுங்கில் சண்டையைத் தொடங்கினார்கள். எனக்குப் புரிந்ததெல்லாம், அவர்கள் என் தாளைக் காட்டிக் காட்டித் திட்டிக்கொண்டதுதான்.

“அண்ணே, நான் ஓவியன். நெலம் எடுக்க வரல.”

“மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.” முனியப்பா குடைக்காரன்மேல் விரலை வைத்தார். “இது யாரு?”

“நான்தாண்ணே.”

“பாத்தியாடா நாகா! ஆளு அதுக்குள்ள நெலத்துல எறங்கிட்டாரு!”

நம்ப வைப்பதற்காகக் கைப்பேசியில் அந்தப் பழைய ஓவியரின் படங்களைக் காட்டினேன். பாலம், வயல், மழையில் ஓடும் ஆட்கள். முனியப்பா நெடுநேரம் பார்த்தார். “இந்த ஊருங்க இப்ப எப்படி இருக்குது?”

பொய் சொல்ல வரவில்லை. “பாதிக்கு மேல ரோடும் ஃபேக்டரியுமா ஆயிடுச்சுண்ணே.”

“அதத்தான் நானும் சொல்றேன். வரைஞ்சாரு. போயிடுச்சு.”

ரப்பரை எடுத்தேன். கிணற்றை அழித்து அந்த இடத்தை வெள்ளையாக விட்டேன். குடைக்காரனையும் அழித்தேன். முனியப்பா பக்கத்தில் நின்று ரப்பர் தூளைத் தானே ஊதிவிட்டார். போகும்போது பை நிறையத் தக்காளி கொடுத்தார். நாகராஜ் தன் தோட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னார். போட்டேன்.

பிறகு நிலம் எடுக்கும் பேச்சு சற்று ஓய்ந்தது. கிணறு தப்பியது நான் அழித்ததால்தான் என்று முனியப்பா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறார். நாகராஜ் என்னோடு பேசுவதில்லை.

பொங்கலுக்குச் சாத்தூர்ப் பக்கம் போனபோது எங்கள் காட்டை வரைந்தேன். கட்டைவிரலை நீட்டியதும், யாராவது மண்வெட்டியோடு வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. அது எனக்கு என்னவோபோல் இருந்தது. மாலையில் அப்பா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“நடுவுல என்னப்பா, வட்டமா வெள்ளையா விட்டுட்ட?”

அப்போதுதான் நானும் பார்த்தேன். “கெணறுப்பா.”

“நமக்கு ஏதுப்பா கெணறு?”

குடைக்காரன் அந்த வெள்ளை வட்டத்தின் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.