கை படாத காபி

அங்கமுத்து வாங்கிய காபி மெஷினை ஊர்த்தெருவில் ஒருவர்கூட நாலு பேர் கேட்கக் குறை சொன்னதில்லை. அவருக்கு எரிச்சல் மூட்டியது அதுதான்.

அவர் பெரம்பலூர் - அரியலூர் தடத்தில் பஸ் கண்டக்டர். அந்தத் தடத்திலேயே அவர் ஊரும் இருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் ஊர்த்தெரு. ஓடையைத் தாண்டினால் அவர் குடியிருந்த காலனி. பஸ்ஸுக்குள் அவர் விசில்தான் சட்டம். "உள்ள போங்க, உள்ள போங்க" என்றால் ஊர்த்தெருப் பெரிய மனிதர்களும் முணுமுணுத்தபடி உள்ளே போவார்கள். அவர் கையிலிருந்து டிக்கெட்டும் சில்லறையும் வாங்கிக்கொள்வார்கள். தோல்பையை ஒப்படைத்துவிட்டு ஊரில் இறங்கினால், டீக்கடையில் அவருக்குத் தனிக் கிளாஸ். குடித்தவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். அங்கே குடிப்பதை அவர் விட்டு வெகு காலமாகியிருந்தது.

எண்பத்து நான்கில் ரோட்டோரமாக ஒரு தளம் போட்ட வீடு கட்டினார். குடிபோகும் நாளன்று ஊர்த்தெருவிலிருந்து ஒருவராவது தன் வீட்டுப் பந்தலில் உட்கார்ந்து, நாலு பேர் பார்க்க, ஒரு கிளாஸ் காபி குடிக்க வேண்டும் என்று நினைத்தார். சோற்றைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. காபி போதும்.

முன்பு நடந்த மகளின் காதுகுத்துக்கு ஊர்த்தெருக்காரர்கள் வராமல் இருக்கவில்லை. வந்தார்கள், வாழ்த்தினார்கள். ஆனால் இலையில் உட்காரவில்லை. கடையிலிருந்து வாங்கி வந்த கலர் சோடா பாட்டிலை உடைத்துக் கொடுத்தால் மட்டும் நின்றபடியே குடித்தார்கள். அதைத்தான் அங்கமுத்து விடாமல் யோசித்தார்.

"கலர் குடிக்கிறாங்கல்ல? ஏன் குடிக்கிறாங்க? மெஷின்ல அடைச்சு வருது. நம்ம கை படல. அப்ப மெஷின்ல வர்ற காபியும் குடிச்சுத்தானே ஆவணும்?" என்றார் மனைவி இருசம்மாளிடம்.

"மெஷினுக்கு ஒன்னும் தெரியாது. குடிக்கிறவனுக்குத் தெரியும்ல, அது யாரு வூட்டுல நிக்குதுன்னு?"

"பெரம்பலூர் தியேட்டருல எடவேளையில முட்டி மோதிக் குடிக்கிறாங்களே, அங்க காபி போடுறவன் யாரு? அரும்பாவூர்க் காலனிக்காரன். எவனாவது கேட்டானா? நம்ம ஊர்த்தெரு கொளஞ்சியப்பன் ஐயா ரெண்டு கிளாஸ் குடிச்சத நானே பாத்தேன்."

"அது தியேட்டரு. இருட்டுலேர்ந்து வர்றவனுக்குக் கண்ணு கூசும்."

அவருடைய தர்க்கத்தில் ஓட்டை என்று நான் எதையும் காட்ட முடியாது. தர்க்கம் சரியாக இருந்தால் உலகம் அதன்படி நடந்துதான் தீரும் என்று நம்புவது நிறையப் படித்தவர்களுக்கு வரும் நோய். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்தியவருக்கும் அது வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அதே தியேட்டர் கேன்டீன்காரர் காசிநாதன் புது மெஷின் ஒன்றை வரவழைத்தார். பழையதை மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். அங்கமுத்து போய் நின்றார்.

"எந்த ஊர்ல ஓட்டல் வெக்கப் போறே?"

"ஓட்டல் இல்லீங்க. வூட்டுக்கு."

"வூட்டுக்கா? எத்தன பேரு வூட்டுல?"

"நாலு பேருங்க."

காசிநாதன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "கோழிக்குஞ்சு தண்ணி குடிக்க ஏத்தம் கட்டுறவன இப்பத்தான் பாக்குறேன். எடுத்துட்டுப் போ. ஆனா கெட்டுப்போச்சுன்னு திரும்பி வராத."

பித்தளைப் பாய்லர், வெளியே பளபளவென்ற தகடு, ஒரு பிரஷர் முள், இரண்டு கைப்பிடி, பக்கத்தில் யானைத் தும்பிக்கை போல வளைந்த நீராவிக் குழாய். அதை அவருடைய பஸ்ஸின் கூரையில், முந்திரி மூட்டைகளுக்கு நடுவில் கட்டினார்கள். அங்கமுத்து தனக்குத் தானே லக்கேஜ் டிக்கெட் கிழித்துக்கொண்டார்.

"என்ன கண்டக்டரே, பஸ்ஸ ரயிலாக்கப் போறியா?" என்றது பின் சீட்டிலிருந்து ஒரு குரல். வழிநெடுக இதே பேச்சுதான். ஊர் வருவதற்குள் அவருக்குத் தலை வலித்துவிட்டது.

அதன் பிறகுதான் உண்மையான தலைவலி. புது வீட்டில் வைத்துச் சுவிட்சைப் போட்டதும் மெஷின் ஒருமுறை உறுமியது. அவ்வளவுதான். வீட்டு பீஸ் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. காலனியில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோ அத்தனையும் ஒன்றாக வாயை மூடின. இன்னொரு முறை போட்டபோதும் அப்படியே. "அந்த எழவ எடுத்து ஓடையில போடு" என்று தெருவில் சத்தம் கேட்டது.

காலனியிலேயே ஒயர்மேன் வேலை பார்த்தவன் உத்திராபதி. அவன் வந்து பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தான்.

"மாமா, இது தியேட்டர் கரண்ட் குடிச்சு வளந்தது. நம்ம லைன்ல வர்றது இதுக்கு வாய் நனையப் பத்தாது. உள்ள மூணு ஹீட்டர் இருக்கு. ரெண்டக் கழட்டி விட்டுடறேன். ஒன்னுல ஓடும். ஆனா சூடேற நேரமாவும்."

"எம்புட்டு நேரம்?"

"சோறு வடிச்சு, கொழம்பு வெச்சு, சாப்புட்டுட்டு வந்து பாருங்க."

சரி என்றார். சூடேறியது. முள் மெல்ல நகர்ந்தது. சில நாட்கள் நன்றாகவே ஓடியது. பிறகு குழாயில் நீராவி வருவது நின்று, கிழவர் இருமுவதுபோல் ஒரு சத்தம் மட்டும் வந்தது. அரியலூர்ப் பக்கம் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். சிமெண்ட் ஆலைக்கு அது பொன். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற எந்தப் பாத்திரத்துக்கும் எமன். பாய்லரின் உட்சுவரில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டி, குழாய் வாய் அடைத்துக்கொண்டது. அங்கமுத்து கம்பியை விட்டுக் குத்தினார். கம்பி உள்ளே ஒடிந்தது. அதை எடுக்க ஒரு நாள் லீவு போனது.

கடைசியில் இருசம்மாள்தான் புளியைக் கரைத்து உள்ளே ஊற்றிக் கொதிக்க வைத்தாள். பொருக்கு கழன்று வந்தது. புளி மட்டும் முழுதாகப் போகவில்லை. அன்றைய காபியை ஒரு வாய் குடித்துவிட்டு அவள் சொன்னாள்: "ஏங்க, ரெண்டு மொளகு தட்டிப் போடுங்க. மத்தியானச் சோத்துக்கு ஆவும்."

காலனிக்காரர்கள் தினமும் வந்து குடித்தார்கள்; குடித்துவிட்டுத் திட்டினார்கள். பாதிக் கிளாஸ் நுரைதான் என்றார்கள். சோப்புத் தண்ணீர் என்றாள் ஒருத்தி. வரக்காபி தேவலாம் என்றார் அவருடைய சொந்தச் சித்தப்பா, இரண்டாவது கிளாஸை நீட்டிக்கொண்டே. அங்கமுத்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். வீடு தங்களுடையது என்று நினைப்பவர்கள்தான் இப்படித் திட்ட முடியும் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய கண்ணெல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

குடிபோகும் நாளும் வந்தது. சித்திரை வெயில். விடிந்ததிலிருந்தே மெஷின் சூடேறிக்கொண்டிருந்தது. பந்தலுக்கு நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி, ஒரு மேசைமேல் அதை நிறுத்தியிருந்தார். கிளாஸ்கள் புதியவை. கலர் பாட்டில் ஒன்றுகூட வாங்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார்.

ஊர்த்தெருவிலிருந்து வந்தவர்கள் நேரே மெஷினிடம்தான் போனார்கள். தட்டிப் பார்த்தார்கள். தகட்டில் முகம் பார்த்துக்கொண்டார்கள்.

"தியேட்டர் மெஷினாமே? நல்ல சாமான்யா. இதுல காபி பிரமாதமா வரும்."

"ஒரு கிளாஸ் சாப்புடுங்க" என்று அங்கமுத்து கைப்பிடியை இழுப்பார்.

"இப்பத்தான் வூட்டுல குடிச்சிட்டு வந்தேன். வயிறு திம்முனு இருக்கு."

அடுத்தவருக்குப் பித்தம். அதற்கடுத்தவரை வைத்தியர் காபிப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். முந்தின நாள்தான் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அந்த மனிதர் காபி ஊதிக் குடித்ததை அங்கமுத்து பார்த்திருந்தார். ஒருவருக்கு அன்று விரதம். என்ன விரதம் என்று கேட்டதற்கு அவர் பந்தல்காலைப் பார்த்தார். காபியைப் புகழாமல் போனவர் ஒருவர்கூட இல்லை. ஒரு சொட்டுக் குடிக்காமலே அதன் மணம், பதம், நிறம் எல்லாவற்றையும் பாராட்டினார்கள். புகழ்ச்சியை நான் பொதுவாகவே நம்புவதில்லை; அன்று பந்தலில் கேட்ட புகழ்ச்சியைவிட மலிவானதை எங்கும் கேட்டதில்லை.

"நாக்கு வறளுது. கலர் ஏதும் இருக்கா?" என்றார் விரதக்காரர்.

"கலர் வாங்கலீங்க. காபிதான்."

அவர் வறண்ட நாக்கோடு போனார்.

கொளஞ்சியப்பன் கொஞ்சம் தாமதமாக வந்தார். பருத்தி போடுகிற குடியானவர். தினமும் அங்கமுத்துவின் பஸ்ஸில் அரியலூருக்குப் போகிறவர். நாலு வார்த்தை சிரித்துப் பேசுகிறவர். வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கமுத்து கிளாஸை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார்.

பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அடுப்படியிலிருந்து இருசம்மாள் எட்டிப் பார்த்தாள்.

கொளஞ்சியப்பன் கிளாஸைப் பிடித்தபடி பருத்தியில் விழுந்த பூச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பூச்சி முடிந்து மழை வந்தது. மழை முடிந்து புது பஸ் ரூட். நுரை அமுங்கியது, மேலே ஏடு கட்டியது.

"அடடா, பேச்சுல ஆறிப்போச்சுப்பா. இருக்கட்டும், வெச்சுரு."

"ஆறுனா என்னங்க? குடுங்க இங்க."

அங்கமுத்து கிளாஸை வாங்கி நீராவிக் குழாயை அதற்குள் விட்டார். மெஷின் வீரிட்டது. மறுபடி நுரை பொங்க, மறுபடி கையில் கொடுத்தார். இந்த முறை பேச்சு கொளஞ்சியப்பனின் மகள் கல்யாணத்துக்குப் போனது. மறுபடி ஆறியது. அங்கமுத்து மறுபடி வாங்கிக்கொண்டு போனார். சுட வைக்க முடியாத காபி ஒன்று உலகில் இல்லை என்பதை அன்று கொளஞ்சியப்பன் கற்றுக்கொண்டார்.

"என்னய்யா நீ, விட மாட்டியா?"

"ஆறிப்போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஒனக்கு வேற வேலையே இல்லியா?"

"லீவு போட்டிருக்கேங்க."

இதற்குள் ஊர்த்தெருக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பியிருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தி பின்பக்கம் நடந்ததால் காலனிக்காரர்களும் அங்கே போய்விட்டார்கள். அங்கமுத்து மூன்றாவது முறையாகக் கிளாஸைக் கொண்டுவந்தபோது, பந்தலில் அவர்கள் இருவர்தான். கொளஞ்சியப்பன் ரோட்டைப் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். "ஒன் தொல்ல தாங்கல. கொண்டா" என்று பிடுங்கி, ஒரே மூச்சில் விழுங்கினார். விழுங்கிய பிறகுதான் சூடு தெரிந்தது. நாக்கைத் துருத்தி ஊதிக்கொண்டார்.

"என்னய்யா கருமம் இது! மூணு தரம் காச்சிக் கசாயமாக்கிட்ட. சக்கரையே இல்ல."

"சக்கர போட்டாச்சுங்க."

"எங்க போட்ட? புளிப்பால்ல இருக்கு!"

அங்கமுத்துவுக்கு அந்தக் கணத்தில் எரிச்சல் அத்தனையும் போய்விட்டது. அவர் சிரிக்கப் போன நேரத்தில் கொளஞ்சியப்பன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சரி, குடிச்சாச்சு. இப்பத் திருப்திதானே? வெளிய மட்டும் சொல்லிக்காத."

அங்கமுத்து காலிக் கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப உங்களையும் குடிக்காதவங்களோடயே சேத்துக்கிறேங்க" என்றார்.

"என்ன பேச்சு பேசுற? எனக்கு நாக்கு வெந்துபோச்சு! கண்ணால பாத்தல்ல?"

"நான் பாத்து என்னங்க ஆவப்போவுது? நான்தான் குடுத்தவனாச்சே."

கொளஞ்சியப்பன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். வந்தவர் எல்லோரையும் ரோடு வரை கொண்டுபோய் விட்ட அங்கமுத்து, அவரோடு போகவில்லை.

இருசம்மாள் ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"குடிச்சாரா, இல்லியா?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்."

"இதுல யோசிக்க என்னா இருக்கு?"

"குடிச்சாருன்னு சொன்னா, இல்லேம்பாரு. குடிக்கலன்னு நான் சொன்னா, அது பொய்."

அவள் அவர் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பின்பக்கம் பந்தியில் யாரோ ரசம் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அதெல்லாம் அப்பறம் யோசிங்க. இந்தக் கிளாஸக் கழுவணுமா வேணாமா, அத மட்டும் சொல்லுங்க."