கல்லப்பாவின் கையும் நாக்கும்

தார்வாடில் எங்கள் தெருமுனை சலூன் கல்லப்பாவுடையது. அவருக்குக் கத்தியும் வாயும் சேர்ந்துதான் ஓடும். ஐம்பத்திரண்டு வயதில் கை நடுங்கத் தொடங்கியது. முதலில் டீ சிந்தியது. பிறகு ஒருவர் காதோரம் கீறல் விழுந்தது. அன்றே சவரக் கத்தியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

நான் கன்னட வார இதழ்களில் இயந்திர மனிதர்களைப் பற்றிக் கதை எழுதுகிறவன். பெங்களூரில் மண்டைக்குள் கம்பி வைத்து நடுக்கத்தை நிறுத்துகிறார்களாம் என்று கல்லப்பா சொன்னதும், "இது என் கதை மாதிரியே இருக்கே!" என்றேன்.

"உங்க கதையில ஆபரேஷன் ஒரே வரியில முடிஞ்சிடும் சார். இங்க தலை என்னோடது."

ஆபரேஷனை அவர் விழித்திருக்கும்போதே செய்தார்கள். நடுவில் டாக்டர் ஒரு தாளை நீட்டிச் சுருள் வரையச் சொன்னார். கோடு கோணல்மாணலாக வந்தது. கம்பியில் மின்சாரத்தைச் செலுத்தியதும் அதே கை சீராக வரைந்தது. தலையை அசைக்க முடியாததால் கண்ணீர் காதுக்குள் ஓடியதாம்.

தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கடியில் பேட்டரி, கையில் ரிமோட் என்று ஊர் திரும்பினார்.

"சாந்தக்கா, ரிமோட்ட நீ வச்சுக்கோ. வாயையும் அமத்திடலாம்!" என்று அவர் மனைவி சாந்தவ்வாவிடம் டீக்கடை மல்லேஷி கத்தினான்.

கேலி பலித்துவிட்டது. மின்சாரத்தை ஏற்றினால் கை அசையாமல் நின்றது, நாக்கு குழறியது. இறக்கினால் பேச்சு தெளிந்தது, விரல் ஆடியது. டாக்டர் பலமுறை மாற்றிப் பார்த்தார். கடைசியில், "ரெண்டும் ஒண்ணா முழுசா கிடைக்காதுங்க" என்று, இரண்டு அளவுகளையும் ரிமோட்டிலேயே வைத்துக் கொடுத்தார்.

கல்லப்பா கையைத்தான் எடுத்துக்கொண்டார். ஒரு மாதம் பேசாமல் வேலை பார்த்தார். புதிதாக வந்த ஒருவர் ஏதோ கேட்டார். பதில் குழறி வந்ததும், கல்லப்பா குடித்திருக்கிறார் என்று நினைத்து நுரை முகத்தோடு எழுந்து போய்விட்டார். அன்று கல்லப்பா வீட்டில் உட்கார்ந்து அழுதார்.

"கத்தி அடுத்தவன் கழுத்துல இருக்கும்போது உங்களை யாரு பேசச் சொன்னா? வேலைய முடிச்சிட்டுப் பேசுங்க" என்றார் சாந்தவ்வா.

இப்போது அப்படித்தான் நடக்கிறது. சவரம் முடியும்வரை கடையில் சத்தமே இருக்காது. முகத்தைத் துடைத்துவிட்டு ரிமோட்டை அமுக்குவார். அடக்கிவைத்த வம்பெல்லாம் கொட்டும்.

"அண்ணா, நாங்களும் உட்கார்ந்திருக்கோம்!" என்று காத்திருப்பவர்கள் குரல் கொடுப்பார்கள்.

போன வாரம் நான் மாட்டிக்கொண்டேன்.

"உங்க கதை ஹீரோ உலகத்தையே ஜெயிக்கிறானே சார், பொண்டாட்டிகிட்ட எப்போ பேசுவான்?"

கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே, கல்லப்பா ஆடும் கையால் என் பிடரியில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டார்.