ஃபார்மட் வேண்டாம், டாக்டர்

தங்கை வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை லேபில் கம்ப்யூட்டர் நிரம்பிவிட்டது என்று அவள் எனக்குப் போன் செய்தது ஒரு மத்தியான வேளை. இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. நான் ஒரு பயிற்சி நிலையத்தில் லினக்ஸ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். திருவனந்தபுரத்தில் லினக்ஸ் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வலியசாலைத் தெருவிலிருந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்கூட்டரில் போய் அதைச் சொல்லிக்கொடுக்கிறவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"அக்கா, ஸ்லைடோட படம் சேவ் ஆகமாட்டேங்கறது. டிஸ்க் ஃபுல்லுனு சொல்றது. டாக்டர் மூஞ்சியைப் பாக்கவே பேடியா இருக்கு. சித்த வந்து பாத்துட்டுப் போ, ட்டோ" என்றாள். பேடி என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் பயம்.

லேப் கரமனையில், பஸ் நிறுத்தத்தை ஒட்டிய ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. அதை நடத்திய டாக்டர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற ஒவ்வொரு ஸ்லைடையும் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்பார். அந்த ஊரில் அன்றைக்கு அப்படிச் செய்தவர்கள் குறைவு. ஒரு நோயாளி ஆறு மாதம் கழித்து வந்தால் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவார்.

நான் போய்ப் பார்த்தேன். அங்கேயும் ஓடியது லினக்ஸ்தான். டிஸ்க் உண்மையில் முழுக்க நிரம்பவில்லை. அந்தக் கம்ப்யூட்டரின் ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்கில் எது எங்கே இருக்கிறது என்று ஒழுங்குபடுத்தி வைக்கிற அமைப்பு, மொத்த இடத்தில் இருபதில் ஒரு பங்கை அவசரத்துக்கென்று தனியே ஒதுக்கி வைத்திருந்தது. இயந்திரத்தை நிர்வகிக்கிறவர் மட்டும்தான் அந்த இடத்தைத் தொட முடியும். படங்கள் மட்டுமே இருக்கிற ஒரு பகுதிக்கு அவ்வளவு ஒதுக்கீடு தேவையில்லை. ஒரே ஒரு கட்டளையில் அதை நூற்றில் ஒன்றாகக் குறைத்தேன். தங்கை மறுபடியும் சேவ் செய்து பார்த்தாள். படம் சமத்தாகப் போய் உட்கார்ந்தது.

டாக்டர் என் பின்னாலேயே நின்றிருந்தார். எதையாவது அழித்தேனா என்று கேட்டார். ஒன்றையும் அழிக்கவில்லை, உங்கள் இடத்தையே உங்களுக்கு விட்டுக் கொடுக்கச் சொன்னேன் என்றேன். அவர் நம்பவில்லை. தானே நாற்காலியில் உட்கார்ந்து பழைய படங்கள் சிலவற்றைத் திறந்து பார்த்தார். பிறகு எனக்கு எலுமிச்சை நீர் கொண்டுவரச் சொன்னார்.

எலுமிச்சை நீரைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் காலைநேரக் கஷ்டத்தைப் பற்றித் தங்கை பேச்செடுத்தாள். துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழைக் காலம். சாயங்காலமானால் இடி மின்னல். மின்சாரம் போய்ப் போய் வரும். அவர்களுடைய யுபிஎஸ் பேருக்கு ஒன்று இருந்தது, அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் அணைந்துவிட்டால், மறுநாள் போடும்போது அது டிஸ்க் முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை சோதித்த பிறகே எழுந்திருக்கும். ஒழுங்காக அணைத்திருந்தாலும் குறிப்பிட்ட தடவைக்கு ஒருமுறை தானாகவே அந்தச் சோதனையை ஆரம்பித்துவிடும். படங்கள் சேரச் சேரச் சோதனையும் நீண்டுகொண்டே போனது. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் எல்லாம் பெஞ்சில் காத்திருப்பார்கள். ரத்தக் குப்பியில் ஒட்டும் நம்பர் கம்ப்யூட்டரிலிருந்துதான் வர வேண்டும். கையால் எழுதினால் ஆள் மாறிப்போகும் என்று டாக்டர் கண்டிப்பாகத் தடுத்திருந்தார். அவர் சொன்னது நியாயம்தான்.

கம்ப்யூட்டர் விற்ற கடையிலிருந்து வந்த மெக்கானிக், எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்து புதிய வகை ஃபைல் சிஸ்டத்தைப் போட்டால் இந்தத் தொல்லை இருக்காது என்று சொல்லியிருந்தார். புதிய வகை வேண்டும் என்பதில் அவர் சொன்னது சரி. ஃபார்மட்தான் தேவையில்லை. இருக்கிற ஃபைல் சிஸ்டத்திலேயே, ஒரு படத்தைக்கூட நகர்த்தாமல், ஜர்னல் ஒன்றைச் சேர்க்கலாம். எதை எழுதப் போகிறோம் என்பதை முதலில் ஓரமாகக் குறித்துக்கொண்டு பிறகு எழுதுகிற ஏற்பாடு அது. நடுவில் மின்சாரம் போனால், மறுபடி எழும்போது அந்தக் குறிப்பை மட்டும் பார்த்தால் போதும். இதையெல்லாம் நான் டாக்டரிடம் உற்சாகமாகச் சொன்னேன்.

அவர் முகம் இறுகிவிட்டது. இதற்கு முன்னால் இருந்த கம்ப்யூட்டரை ஒருவர் வந்து சரி செய்கிறேன் என்று தொட்டு, இரண்டு வருஷத்துப் படங்கள் போய்விட்டன என்றார். அதில் ஒரு பெண்ணின் மார்புக் கட்டிப் படமும் இருந்தது. அந்தப் பெண் திரும்பி வந்தபோது ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஒன்றுமில்லை.

"ஒண்ணும் போவாதுன்னு அவனும் ஒறப்பாட்டுத்தான் சொன்னான் பிள்ளே" என்றார்.

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் என் கணக்கு சரி என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. கூப்பிட்டால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிட்டேன்.

கூப்பிட ரொம்ப நாளாகவில்லை. முந்தின நாள் மழையில் மின்சாரம் போயிருந்த ஒரு காலையில் கம்ப்யூட்டர் சோதனையில் உட்கார்ந்துவிட்டது. சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிற சர்க்கரை நோயாளி ஒருவர் காத்திருந்து காத்திருந்து பெஞ்சிலிருந்து எழுந்தவர், அப்படியே சரிந்துவிட்டார். தங்கைதான் அவரைத் தாங்கிப் பிடித்து வாயில் சர்க்கரையைப் போட்டாள். சற்று நேரத்தில் தெளிந்துவிட்டார். டாக்டரைக் கோபிக்கவும் இல்லை. தான் மாத்திரையை முன்னாலேயே போட்டுக்கொண்டு வந்தது தப்பு என்று சொன்னாராம். அவர் அப்படிச் சொன்னதுதான் டாக்டரைச் சுட்டிருக்கிறது. அன்றைக்கே எனக்குப் போன் வந்தது. தங்கை அல்ல, டாக்டரே பேசினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வருகிறேன், நீ வருவாயா என்று கேட்டார்.

ஞாயிறு காலை சர்ச்சிலிருந்து நேராக, வெள்ளைப் புடவையும் கையில் பைபிளுமாக வந்தார். நானும் தங்கையும் அதற்குள் எல்லாப் படங்களையும் சிடிகளில் நகல் எடுக்க ஆரம்பித்திருந்தோம். ஒன்றும் போகாது என்று சொன்னவள் நகல் எதற்கு எடுக்கிறாய் என்று டாக்டர் கேட்டார்.

"நீங்க ஊசி போடறதுக்கு முன்னாடி பஞ்சாலே துடைக்கறேளே, அது மாதிரிதான் டாக்டர்" என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடித்தது. தானே ஒவ்வொரு சிடியையும் வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்த்துப் பெட்டியில் அடுக்கினார்.

நகல் எடுக்கத்தான் நேரம் பிடித்தது. பிறகு டிஸ்கை ஒருமுறை நிதானமாகச் சோதித்தேன். குறை எதுவும் இல்லை. அந்த லினக்ஸுக்குப் புதிய வகை தெரியும் என்பதை முதல் தடவை போனபோதே பார்த்து வைத்திருந்தேன். ஜர்னலைச் சேர்க்கும் கட்டளையைத் தட்டினேன். இத்தனை தடவைக்கு ஒருமுறை சோதனை என்ற எண்ணிக்கையை நிறுத்தினேன். சோதனையே வேண்டாம் என்று விடவில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை, லேபை அடைக்கிற நேரத்தில் தங்கை அதைத் தானே ஓட்டிவிட வேண்டும் என்று ஏற்பாடு. கடைசியாக, கம்ப்யூட்டர் எழும்போது படிக்கிற ஃபைலில் பழைய வகையின் பெயரை எடுத்துப் புதியதைப் போட்டு, ஒருமுறை ஒழுங்காக அணைத்து எழுப்பினேன். எல்லாம் ஒரு காப்பி குடிக்கிற நேரம்.

டாக்டருக்கு ஏமாற்றமாகவே இருந்தது. இதற்கா இத்தனை நாள் பயந்தேன் என்பது போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து விடைபெற்றுக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் வாயால் சொன்ன உறுதி அவரிடம் ஏற்கெனவே ஒருதடவை பொய்த்திருந்தது. கண்ணால் பார்த்தால்தான் அவர் மறுபடியும் நிம்மதியாகத் தூங்குவார் என்று எனக்குத் தோன்றியது.

"டாக்டர், அது ஓடிண்டிருக்கு. நீங்களே பிளக்கைப் புடுங்குங்கோ" என்றேன்.

தங்கை என் முழங்கையைக் கிள்ளினாள். அவளுக்கு வேலை போய்விடுமோ என்று பயம். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நெசமாட்டுத்தான் சொல்லுதியா?"

"நெஜமாத்தான். இனிமே மின்னல் அதைத்தானே பண்ணப்போறது? நாம முன்னாடியே பண்ணிப் பாத்துடலாம்."

அவர் பைபிளை மேஜையில் வைத்துவிட்டுக் குனிந்து, சுவரோரம் இருந்த பிளக்கைப் பிடித்து இழுத்தார். விசிறிச் சத்தம் அடங்கி அறை அமைதியானது. மறுபடி பிளக்கைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். எழுத்துகள் கீழிருந்து மேலே ஓடின. ஜர்னலைப் பார்த்து மீட்கிறேன் என்று ஒரு வரி வந்தது. அது வந்ததும் போனதும் தெரியவில்லை. அடுத்த மூச்சில் பெயர் கேட்கும் திரை வந்து நின்றது.

டாக்டர் உட்கார்ந்தார். ஒரு நோயாளியின் நம்பரை எதையும் பார்க்காமல், மனப்பாடமாக அடித்தார். படம் திறந்தது. ஊதாவும் ரோஜாவுமாகச் செல்கள். முன்பு படத்தை இழந்த அதே பெண்; அதற்குப் பிறகு வந்தபோதெல்லாம் எடுத்த படங்கள் இவை என்று தங்கை பிற்பாடு சொன்னாள். டாக்டர் ஒவ்வொன்றாகக் கடைசிவரை பார்த்தார். பிறகு பிளக்கை இன்னொருமுறை பிடுங்கட்டுமா என்று கேட்டார். எத்தனை தடவை வேண்டுமானாலும் என்றேன். பிடுங்கினார். அப்போதும் அப்படியே எழுந்தது. இந்தத் தடவை அவர் சிரித்துவிட்டார். தங்கையும் என் முழங்கையை விட்டாள்.

அடுத்த வாரம் கடை மெக்கானிக் என் வகுப்புக்குத் தேடிக்கொண்டு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறாரோ என்று நினைத்தேன். அவர் அந்தக் கட்டளைகளை எழுதித் தரச் சொன்னார். மலையாளத்தில் விளக்கி எழுதிக் கொடுத்தேன். பதிலுக்கு, நல்ல யுபிஎஸ் பாட்டரி எங்கே நம்பி வாங்கலாம் என்று எனக்குச் சொன்னார். அதுவும் தேவையான விஷயம்தான். ஜர்னல் இருக்கிறது என்பதற்காக ஒரு இயந்திரத்தை மழையில் விடக்கூடாது. லேபுக்கு இரண்டு பேருமாகச் சேர்ந்தே அதை வாங்கிக் கொடுத்தோம்.

அந்த மழைக்காலம் முழுக்க மின்சாரம் வழக்கம்போல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. கரமனையில் காலை ரத்தம் கொடுத்தவர்கள் எட்டு மணிக்கெல்லாம் எதிர் ஹோட்டலில் தோசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் தங்கையைக் கூட்டிப்போக ஸ்கூட்டரில் வந்து நின்றபோது டாக்டர் வாசலுக்கே வந்தார்.

"மேல எக்ஸ்ரே எடுக்கிற எடத்திலயும் இதே கரச்சல்தான். ஃபார்மட் பண்ணணும்னு சொல்லிட்டிருக்காவ. நீ ஒருக்கா ஏறிப் பாத்துட்டுப் போயேன் பிள்ளே" என்றார்.

ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு மாடிப்படி ஏறினேன்.