புக்கில் பேர் உள்ள ஆள் வரட்டும்

பொன்செல்வி என்ற பெயரை நான் முதலில் கேட்டதே ஒரு சண்டைக்குள்தான். என் தங்கை ஆவுடைத்தாய் ஒரு மத்தியானம் மூச்சிரைக்க வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "எக்கா, பொன்செல்வியாம் பொன்செல்வி! அவள மட்டும் என் வீட்டுக்குள்ள ஏத்தமாட்டேன், கேட்டியா?" என்றாள். அவள் மகன் பிச்சையாவுக்குப் பெண் பார்க்க மார்த்தாண்டம் பக்கம் போயிருந்தார்கள். பிச்சையாவுக்குப் பூட்டு வேலை. எந்தப் பூட்டையும் திறந்து கொடுத்துவிடுவான் என்று பெண் வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். காப்பி கொண்டு வந்த பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளையிடமே கேட்டாளாம்: "தொறக்கத் தெரியும்னு சொல்லுதிய, சரி. வந்து நிக்க ஆளு வீட்டுக்காரனா கள்ளனான்னு கேப்பியளா?" ஆவுடைத்தாய்க்கு நெஞ்சு கொதித்துவிட்டது. பிச்சையாவுக்கு என்ன ஆனதோ தெரியாது, கட்டினால் அவளைத்தான் என்று ஒற்றைக் காலில் நின்று கட்டிக்கொண்டு திருவனந்தபுரம் கூட்டி வந்துவிட்டான்.

கிழக்கேகோட்டையில் என் அண்ணன் கட்டிடத்தின் மாடிப்படிக்கு அடியில்தான் அவர்கள் கடை. அண்ணன் போன பிறகு கட்டிடம் அவர் பெண்டாட்டி சரசம்மா மயினி பேருக்கு வந்தது. பிச்சையா பூட்டு, அலமாரி, இரும்புப்பெட்டி என்று வீடு வீடாகப் போவான். கார் சாவி முழுக்கப் பொன்செல்வி. புடவைக்கு மேலே புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை. மெஷினில் சாவியை வெட்டும்போது பறக்கிற பித்தளைத் தூள் அவள் கழுத்திலும் காது மடலிலும் ஒட்டி மினுங்கும். வெட்டி முடித்ததும் பழைய சாவியையும் புதியதையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள். அந்த நேரத்தில் யாராவது அவசரப்பட்டு, முடிந்ததா என்கிற மாதிரி "கழிஞ்ஞோ சேச்சி?" என்று கேட்டால் தீர்ந்தது. "கழியும்போ சொல்லுதேன். பஸ்ஸு போவுதுன்னா பஸ்ஸுல போ. சாவி எதுக்கு உனக்கு?" என்பாள்.

அவளுக்குக் கோபம் வராத நாளை நான் பார்த்ததில்லை. சாவிக்கொத்தைக் கண்டால் கோபம். வீட்டுச் சாவி, ஆபீஸ் சாவி, பிளாஸ்டிக் பிள்ளையார், பாட்டில் திறக்கிற கம்பி எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்துக் காரில் தொங்கவிடுகிறவர்களை நிற்கவைத்துத் திட்டுவாள். "இத்தன பாரத்தத் தூக்கித் தூக்கித்தான் உள்ள இருக்க ஓட்ட தேயுது. காரா இது, காளமாடா, கழுத்தில மணி கட்ட?" திட்டிக்கொண்டே கார் சாவியை மட்டும் தனியே உருவி, ஒரு சின்ன வளையத்தில் போட்டுக் கொடுப்பாள். வளையத்துக்குக் காசு வாங்கமாட்டாள். திட்டுக்கும் வாங்கமாட்டாள் என்று பிச்சையா சொல்வான்.

பிறகு புது மாதிரிச் சாவிகள் வந்தன. சாவியின் கருப்புத் தலைக்குள் அரிசி மணி போல ஒரு சிப் இருக்குமாம். சாவி பொருந்தித் திரும்பினால் மட்டும் போதாது, அந்த சிப் வண்டிக்குத் தெரிந்ததாக இருக்கவேண்டும். தெரியாவிட்டால் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும், என்ஜின் கிளம்பாது. பொன்செல்வி சென்னைக்குப் போய் இருந்து அந்த வேலையைப் படித்து, ஒரு பெட்டியும் வாங்கி வந்தாள். பெட்டியின் வயரைக் காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டி, சாவிகளை ஒவ்வொன்றாக வண்டிக்குப் படிப்பித்துக் கொடுப்பாள். ஒரு விஷயம், படிப்பிக்கும்போது எந்தச் சாவியெல்லாம் கையில் இருக்கிறதோ அதை மட்டும்தான் வண்டி ஞாபகம் வைத்துக்கொள்ளும். வராத சாவியை அன்றோடு மறந்துவிடும். ஆகவே எல்லாச் சாவியையும் கொண்டுவா, ஆர்.சி. புக்கைக் கொண்டுவா, புக்கில் பேர் உள்ள ஆள் நேரில் வரட்டும் என்பது அவள் சட்டம்.

ஒருநாள் கஞ்சி போட்ட வேட்டியும் சென்ட் வாசனையுமாக ஒருவர் வந்தார். புக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. "ஞான் ஆராணெந்நு அறியாமோ?" என்று சத்தம் போட்டார். "அதத்தான சாரே நானும் கேக்கேன். நீங்க ஆரு? புக்கில உள்ள ஆளா, இல்லியா?" என்றாள் பொன்செல்வி. பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். மனுஷர் போய்விட்டார். மறுநாள் புக்கோடு வந்தார், பெயர் அவருடையதுதான். அதற்கும் கோபப்பட்டாள். "நேத்தே கொண்டு வந்திருந்தா எனக்கும் தொண்ட வலிச்சிருக்காதுல்லா?"

இப்படிப்பட்டவள் ஏமாந்தாள். ஊரான் யாரும் அவளை ஏமாற்றவில்லை. ஏமாற்றியது என் அண்ணன் மகன் விஜய்குமார்.

விஜய்குமாரின் பெண்டாட்டி சுஜா நர்ஸ். பொன்முடி தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் தற்காலிக வேலை. அந்த மலைக்கு அத்தி பூத்த மாதிரி ஒரு பஸ் போகும், நேரத்துக்குப் போய்ச் சேராது. அதனால் அவள் அப்பா அவள் பேரிலேயே ஒரு கார் வாங்கிக் கொடுத்திருந்தார். சாவி ஒன்று அவளிடம், ஒன்று விஜய்குமாரிடம். அவள் மலை ஏறி வேலைக்குப் போவது இவனுக்கும் சரசம்மா மயினிக்கும் ஆகவில்லை. நாளுக்கு நாள் பேச்சு தடித்தது. அப்போதுதான் தோட்டத்தில் சுஜாவை நிரந்தரமாக்குவதாகச் சொல்லி, திங்கட்கிழமை காலை பெரிய டாக்டர் வருகிறார், அன்று ஆஜராகாவிட்டால் வேறு ஆளை வைத்துவிடுவோம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் விஜய்குமார் காரோடு கடைக்கு வந்தான். "அக்கா, சுஜா அவ சாவியத் தொலச்சிட்டா. பாவம், வெளிய சொல்ல நாணம். நீங்க ஆருட்டயும் பறயாண்டாம்" என்றான்.

பொன்செல்வியின் புருஷன் பிச்சையா இவனுக்கு அத்தான். அந்த முறைக்கு அவள் அக்கா. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து "தம்பி தம்பி" என்று சோறு போட்டவள். எங்கள் ஆட்களில் சொந்தக்காரனிடம் போய்க் கடிதாசு காட்டு என்று கேட்பது செருப்பால் அடிப்பதற்குச் சமம். ஊரையெல்லாம் புக் கேட்டு விரட்டியவள் அவனிடம் மட்டும் கேட்கவில்லை. அவளே ஒரு படி மேலே போய், "தொலஞ்ச சாவி எவன் கையில கெடக்கோ தம்பி. வண்டி அத மறந்துரும், நீ பயப்படாண்டாம்" என்றாள்.

"அதுதான்க்கா எனக்கு வேண்டியது" என்றானாம். சிரித்துக்கொண்டே சொன்னானாம். அவன் கையிலிருந்த ஒரு சாவியை மட்டும் வண்டிக்குப் படிப்பித்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காரை வெளியே எடுக்கவில்லை. திங்கட்கிழமை விடியும்போது சுஜா யூனிபாரம் போட்டு, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள். அப்போது நான் ஸ்ரீவராகத்தில் அவர்கள் வீட்டு மாடியறையில்தான் இருந்தேன். கீழே கார் இருமுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தேன். முன்கண்ணாடி வழியே தெரிகிறது, சாவியைத் திருப்புகிறாள், சிவப்பு விளக்கு மினுங்குகிறது, வண்டி கிளம்பவில்லை. விஜய்குமார் வாசலில் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறான். உதவிக்கு ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. "இன்னைக்கு வேண்டாம்னு வண்டியே சொல்லுது. அகத்து வா" என்றான்.

சுஜா அழுவாள் என்று நினைத்தேன். அவள் இறங்கி, தெருமுனைக்கு நடந்து, ஆட்டோ பிடித்துக் கிழக்கேகோட்டைக்குப் போனாள். கடை திறக்கவில்லை. பின்னால் இருந்த வீட்டுக் கதவைத் தட்டி, "மயினி, வண்டியில லைட்டு மின்னுது. என் சாவிக்கு என்ன ஆச்சுன்னு பாக்கணும்" என்று நீட்டியிருக்கிறாள். தொலைந்துபோனதாகச் சொன்ன அதே சாவி. பொன்செல்வி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் என்று பிச்சையா சொன்னான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

வந்து இறங்கியதும் நேராகக் காரின் கதவைத் திறந்து குனிந்து வயரை மாட்டினாள். விஜய்குமாருக்கு அப்போதுதான் விளங்கியது. பிரஷ்ஷைத் துப்பிவிட்டு ஓடி வந்தான்.

"அக்கா, இது எங்க குடும்பக் காரியம். நீங்க இதுல எடபடாதீங்க."

"குடும்பக் காரியத்துக்கு எதுக்குலே எங் கடைக்கு வந்த?" என்றாள் பொன்செல்வி. தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "எங் கையால ஒருத்தி கால வெட்ட வச்சிட்டியே! அக்கான்னு கூப்பிட்டேல்லா, நாக்கு அழுகலியாலே?"

சரசம்மா மயினி கொண்டையை முடிந்துகொண்டே இறங்கி வந்தாள். "நர்ஸ் வேலைக்கு மல ஏறி இறங்காட்டா இந்த வீட்டில அடுப்பு எரியாதோ? பெண்ணுங்க கூடி நின்னு ஆம்பளைய நாணங்கெடுக்குதியளா? ஈ கோலாகலம் எந்தினா, இந்த ஆர்ப்பாட்டம் எதுக்கு?"

"அடுப்ப நீங்க எரிங்க பெரியம்மா. வண்டிய அவ ஓட்டட்டும். சுஜா, புக் எங்க?"

சுஜா காரின் டாஷ்போர்டு பெட்டியிலிருந்து ஆர்.சி. புக்கை எடுத்து நீட்டினாள். பொன்செல்வி அதைப் பிரித்து, பேரை உரக்க வாசித்தாள். தெருவில் எல்லாருக்கும் கேட்டது. பிறகு கேட்டாள்: "பேரு உள்ளவ நீ. சொல்லு. அவங்கிட்ட இருக்க சாவியும் வேல செய்யணுமா, வேண்டாமா?"

சுஜா புருஷனைப் பார்த்தாள். "பறயெடீ" என்றான் அவன். மிரட்டலாகத்தான் சொன்னான்.

"எஞ் சாவி மட்டும் போதும் மயினி" என்றாள் சுஜா.

விஜய்குமார் காரின் கதவைப் பிடித்தான். நான் மாடியிலிருந்து இறங்கிப் போய் அவன் கையைத் தட்டிவிட்டேன். "அத்தே, நீயுமா?" என்றான். ஆமாம்லே, நானும்தான். அவனைத் தூக்கி வளர்த்த கைதான் அது. பொன்செல்வி பெட்டியில் பட்டன்களை அழுத்தினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. சுஜா சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் வண்டி பிடித்துக்கொண்டது. அவள் நேரம் கடந்துதான் பொன்முடிக்குப் போய்ச் சேர்ந்தாள். டாக்டர் கிளம்பி ஜீப்பில் ஏறியிருந்தாராம். ஜீப்புக்குக் குறுக்கே காரை நிறுத்திவிட்டாள். வேலை நிரந்தரமாயிற்று. இப்போது தோட்டத்துக் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள்.

இதில் தப்பு செய்தவன் ஒருவன், தண்டனை இன்னொருத்திக்கு. அந்த வாரமே குடும்பம் கூடியது. நடுக்கூடத்தில் விஜய்குமார் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறான், பொன்செல்வி நிற்கிறாள். ஒரு ஆண்பிள்ளையைத் தெருவில் வைத்துக் கேவலப்படுத்தியது யார், அதுதான் அங்கே கேள்வி. ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "உனக்கு வயசாச்சு, நீ மிண்டாத இரி" என்று என் வாயை அடைத்தார்கள். என் சொந்தத் தங்கை ஆவுடைத்தாய் தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு மன்னிப்புக் கேட்டுரு மக்ளே, தீந்துபோவட்டும்" என்று மருமகளிடம் சொல்கிறாள்.

"மன்னிப்பு சுஜாகிட்ட கேட்டாச்சு மாமி. தெரியாத ஆளுன்னா புக்கு கேட்டிருப்பேன். சொந்தக்காரன்னு கேக்காம விட்டேன், அது எந் தப்பு. அதுக்கு இவன்கிட்ட எதுக்குக் கேக்கணும்?" என்றாள் பொன்செல்வி. குரல் உடைந்தது. அழுகையில்லை, கோபம்தான். பிச்சையா எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றான். அந்தக் கூட்டத்தில் அதற்கும் துணிச்சல் வேண்டும்.

சரசம்மா மயினி மாடிப்படிக்கு அடியில் இருந்த இடத்தைக் காலி செய்யச் சொன்னாள். இத்தனை வருஷம் உழைத்த இடம். படிக்கட்டு வண்ணம் அடிக்கவேண்டும் என்று காரணம் சொன்னாள். இன்றுவரை அந்தப் படிக்கட்டில் ஒரு கை வண்ணம் விழவில்லை. அதற்குப் பிறகு வந்த கல்யாணங்களுக்குப் பொன்செல்விக்குச் சொல்லவில்லை. விஜய்குமார் எல்லாப் பந்தியிலும் முதல் வரிசையில் இருந்தான். நான் அந்த வீட்டு மாடியை விட்டுத் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டேன். அவளிடமும் பாதி நாள் பேசுவதில்லை.

பொன்செல்வி இப்போது நெடுமங்காட்டில் இருக்கிறாள். பொன்முடி பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, ஒரு டயர் கடையை ஒட்டி, தகரக் கூரை போட்ட கடை. பிச்சையாவும் அங்கேதான். காலையில், பிச்சையா வீடு வீடாகக் கிளம்பும் முன் போனால், இருவரையும் பார்க்கலாம்.